சம்மந்தியான மிளகு மண்டிகள்

மருமகள் வாங்கி வந்த கண்ணாடிக் குப்பியில் கொல்லிமலை மிளகு. "மலை விவசாயிகளிடம் நேரடியாக வாங்கியது" என்று மேலே ஒட்டியிருக்கிறார்கள். மூடியைத் திறந்து மோந்தேன்; தும்மலோடு மலையடிவாரத்துக் காரவள்ளி மண்டியும் வந்துவிட்டது. நேரடியாம்! அந்த லட்சணம் எனக்குத் தெரியாதா?

தொண்ணூற்றெட்டில் அங்கே எனக்கு எடை போடும் வேலை. முதலாளிக்குத் தான் பெரிய ராஜதந்திரி என்று நினைப்பு. மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அவரை விட்டால் வேறு ஆளில்லை; மூளை மொத்தமும் அவ்வளவுதான். சாய்வு நாற்காலியில் கிடந்தபடி விலையைச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். பேரம் முடிந்தது என்று அர்த்தம்.

மலைமேல் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. வாழவந்தி நாட்டு வெள்ளையம்மாள் அந்த மூடிய கண்ணுக்கு முன்னால் பல வருஷம் நின்றவள். ஒருநாள் மூட்டையை இறக்காமலே சொன்னாள்: "ராசிபுரத்துல ஒரு மண்டிக்கு பஸ்ல கொஞ்சம் மிளகு மாதிரிக்குக் குடுத்தனுப்பியிருந்தேனுங்க. அங்க வரச் சொல்றாங்க."

முதலாளிக்குக் கண் திறந்தது. "எதுக்குக் கண்ணு அவ்வளவு தூரம்? உக்காரு, காப்பி குடி."

மலைக்காரர் ஒருவருக்கு அங்கே காப்பி வந்தது அன்றுதான். விலையும் ஏறியது.

போட்டி போட்டு வாங்குவது இரண்டு மண்டிக்கும் கசந்தது. இவர் மகளை ராசிபுரத்து முதலாளி மகனுக்குக் கொடுத்துச் சம்மந்தியாகிவிட்டார்கள். கல்யாணத்துக்கு மலையையே அழைத்தார்கள். நாங்களும் வயிறு முட்டச் சாப்பிட்டு, மொய்யும் வைத்துவிட்டு வந்தோம். எதற்கான விருந்து என்று பந்தியில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். அடுத்த சந்தைக்கு இரண்டு இடத்திலும் ஒரே விலை, அந்தப் பழைய விலை.

வெள்ளையம்மாள் சண்டை போடவில்லை. மூட்டையைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் மலையிலிருந்து ஒரு மூட்டைகூட இறங்கவில்லை. ஊர் ஊராக நடந்து, விற்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள். காய்ந்த மிளகு கெட்டுப்போகாது. வெளியூருக்குச் சரக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்த முதலாளிதான் கெட்டுப்போவார். கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு மலையேறினார். வளைவுக்கு வளைவு வாந்தி. ராஜதந்திரமெல்லாம் சட்டையில் வழிய, அவள் வாசலில் போய் நின்றார்.

"என்னம்மா, எல்லாரும் ஒண்ணு சேந்துக்கிட்டீங்களாட்டம் இருக்குது?"

"ஆமாங்க. நீங்க ரெண்டு பேரு சம்மந்தி ஆனீங்க. நாங்க நாடு பூராவும் ஆயிட்டோமுங்க."

அவள் கேட்ட விலைக்கே வாங்கினார்.

இப்போது அந்த மண்டி இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களின் கார்கள் நிற்கின்றன. வெள்ளையம்மாளும் போய்ச் சேர்ந்தாள். மலைக்காரர்கள் இப்போது செல்போனில் விலை பார்த்து ஆளாளுக்குத் தனியாக விற்றுவிட்டு, தான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்ன விலைக்குக் கொடுத்தான் என்றுகூட ஒருவரும் கேட்பதில்லை.