அது எங்க காடு இல்லக்கா: விளாத்திகுளத்தில் ஒரு ஞாயிறு

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு குரல்பதிவு. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் வந்தது. "அது எங்க காடு இல்லக்கா. எம் பேர எடுத்துருங்க." அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை.

பேசியவர் முத்துக்கனி. விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை, முப்பது வயது. அவர் எழுதிய முதல் புத்தகம் எங்கள் பதிப்பகத்தில் அச்சுக்குத் தயாராக இருந்தது. நான் சென்னையில் சிறார், இளையோர் புத்தகங்களுக்கு எடிட்டர். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. கனியின் கதை சின்னது. காட்டில் பழம் எடுக்கும் அம்மாவுக்கு ஒரு சிறுமி தூக்குவாளியில் கஞ்சி கொண்டு போகிறாள், வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு. ஓவியர் பக்கத்துக்குப் பக்கம் அடர்ந்த காடு வரைந்து கொடுத்திருந்தார். பழம் பழுத்த நாவல் மரம், அருவி, ஒரு யானை. யானை அவ்வளவு அழகாக வந்திருந்ததால் அதற்காக நானே கதையில் இரண்டு வரி சேர்த்தேன். (எடிட்டர்களுக்கு இந்த வியாதி உண்டு.) முடிந்த பக்கங்களைக் கனிக்கும் அனுப்பியிருந்தேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

"பேர் இல்லாம எப்படிப் போடறது? நேர்ல போய்ச் சம்மதம் வாங்கிட்டு வா" என்றார் எங்கள் முதலாளி. அவர்தான் பதிப்பகத்தின் தலைமை எடிட்டரும். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எங்க காடு இல்ல" என்பதை ஏதோ தத்துவம் என்று எடுத்துக்கொண்டேன். எழுத்தாளர்கள் திடீரென்று அப்படிப் பேசக்கூடியவர்கள். எழுதுகிறவளின் மனக்காடு வேறு, வாசகரின் காடு வேறு என்று ரயிலில் படுத்துக்கொண்டே ஒரு சின்னப் பிரசங்கம்கூடத் தயார் செய்தேன்.

ஞாயிறு காலை 6.50க்குக் கோவில்பட்டி. ஸ்லீப்பரில் 370 ரூபாய். ஸ்டேஷன் பக்கத்திலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு 7.40க்கு விளாத்திகுளம் பஸ் பிடித்தேன். கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிஷம், டிக்கெட் 38 ரூபாய். வலதுபக்க ஜன்னல் வேண்டாம், வெயில் முகத்திலேயே அடிக்கும். கறுப்பு மண், நடுநடுவே மக்காச்சோளத் தட்டை, காற்றாலைகள், மறுபடி கறுப்பு மண். மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காடு என்று எதுவுமில்லை. ஓரிடத்தில் மட்டும் பச்சையாக அடர்த்தி தெரிந்தது. இதுதான் போல என்று அவசரமாக நாலு படம் எடுத்தேன்.

விளாத்திகுளத்திலிருந்து கனியின் ஊர் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 200 ரூபாய். ஊரையும் பேரையும் சொன்னதும் டிரைவர், "கனி டீச்சரா? ஞாயித்துக் கெழமைல்லா, வீட்ல இருக்க மாட்டாவ. காட்டுல பழம் எடுத்துக்கிட்டு இருப்பாவ" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. காடு இருக்கிறது! "அண்ணாச்சி, அந்தக் காடு எங்க இருக்கு?"

"யாரு காட்டக் கேக்குதீய?"

"யாரு காடா? காடுன்னா கவர்மென்ட்டுதுதானே? வனத்துறை..."

அவர் வண்டியை ஓரம் கட்டியே விட்டார். "வனத்துறைக்கு இங்கன என்ன சோலி?"

போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். பார்த்தார். "இது வேலிக்கருவல்லா, சீமைக்கருவேல முள்ளு. இதப் போயி போட்டா புடிச்சிருக்கீய" என்றார். அதற்கப்புறம் ஒன்பது கிலோமீட்டரும் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். இறக்கிவிட்ட இடத்தில் ஒரு மரம்கூட இல்லை. இடுப்பு உயரம்கூட வராத மிளகாய்ச் செடிகள் வரிசை வரிசையாக, செக்கச் செவேலென்று. அதற்குள் குனிந்து இரண்டு பெண்கள். "இந்தா, இதான் கனி டீச்சர் காடு" என்றார்.

இந்தச் சீமையில் காடு என்றால் மழையை நம்பி விதைக்கிற நிலம். பழம் என்றால் செடியிலேயே பழுத்துச் சிவந்த மிளகாய். தமிழிலேயே பிறந்து, தமிழிலேயே சம்பளம் வாங்கும் எனக்கு இரண்டும் தெரிந்திருக்கவில்லை. நாவல் மரம், அருவி, யானை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன்னால் வந்தன. வெயிலுக்கு வியர்த்ததா வெட்கத்துக்கு வியர்த்ததா என்று சொல்ல முடியாது.

கனி தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார். "வாங்கக்கா. இம்புட்டுத் தூரம் வருவீயன்னு நெனைக்கல." கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

"மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கனி?"

"ஓவியர் கற்பனையா வரைஞ்சிருக்காவன்னு இருந்தேன். யானைக்கு ரெண்டு வரி எழுதிருந்துது பாத்தீயளா, அதப் பாத்தப்புறந்தான் தெரிஞ்சுது, ஒங்களுக்கே கத வெளங்கலன்னு." கையிலிருந்த துண்டை மடித்தார். "அதுக்காகவும் இல்லக்கா. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளப் பத்திப் புத்தகம் வருதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தா. விளாத்திகுளத்துல கலர்ல பிரிண்ட் எடுத்துக் கொண்டாந்து கொடுத்தேன். முன்னயும் பின்னயும் மூணு தடவ பொரட்டுனா. கடைசில, 'இதுல நான் எங்கன இருக்கேன்?'னு கேட்டா. மரத்தடில நிக்குத பொம்பளயக் காட்டுனேன். 'இது வேற யாரோ'ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா."

அந்த அம்மா பத்தடி தள்ளிப் பழம் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "வெயில்ல நிக்காதீய, தலைல துணியப் போடுங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது.

காட்டுக்குள் சிக்னல் இல்லை. கனியோடு ரோட்டுக்கு வந்து, ஸ்பீக்கரில் முதலாளியைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும், "சென்னைப் பிள்ளைக்குக் காடுன்னா யானைதானே தோணும்? வயல்னு மாத்து. ரெண்டு படத்தைச் சரி பண்ணு, முடிஞ்சது" என்றார்.

"வயல்னா தண்ணி நிக்கும் சார். எங்கம்மா காலுல என்னைக்குச் சேறு பட்டுது?" என்றார் கனி.

"சரி, தோட்டம்?"

"தோட்டம்னா கெணறு வேணும். இது வானம் பாத்த பூமி."

"நிலம்னு போடும்மா."

"அது தாலுகா ஆபீஸ்ல சொல்லுத வார்த்த."

முதலாளி பெருமூச்சு விட்டார். "அப்போ காடுன்னே இருக்கட்டும். கீழே அடிக்குறிப்பு போடுவோம்."

"நாங்க பனி பெய்யுத கதையெல்லாம் படிச்சோம் சார். எங்களுக்கு யாரும் அடிக்குறிப்பு போடல. படத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டோம். ஒங்க ஊருப் பிள்ளையும் தெரிஞ்சுக்கிடும்."

இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. இன்றைக்கு வரை அந்தக் குழப்பம் தீரவில்லை. ஆனால் திங்கட்கிழமை அச்சு இல்லை என்பதில் மட்டும் குழப்பமில்லை. "நான் அனுப்ப மாட்டேன் சார்" என்றேன்.  "ஜூனுக்குத் தள்ளு. ஓவியர்கிட்ட நீயே பேசு. யானைக்கு வக்காலத்து வாங்கினவ நீதான்" என்று வைத்துவிட்டார்.

"அப்போ பேரு இருக்கட்டுமா கனி?"

"படம் வரட்டும்க்கா. அம்மாட்ட காட்டுதேன். அவ சொன்னப்புறம் போடுங்க."

செடி, மண்வெடிப்பு, தூக்குவாளி, குனிந்த முதுகு, தலைத்துண்டு கட்டும் விதம் என்று ஓவியருக்காக அறுபது படம் எடுத்தேன். நான் பறித்த பழத்தில் பாதி காம்பில்லாமல் வந்தது; காம்பு போனால் விலை போகாது. கனியின் அம்மா அதைத் தனியே ஒதுக்கி வைத்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தை, மாசியில் போனால் பழம் பறிப்பைப் பார்க்கலாம். குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம், மண்வெடிப்பு விழுங்கிவிடும். என் இடதுகால் செருப்பு சாட்சி. மிளகாயைத் தொட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டு போகாதீர்கள். கடம்பூர் போளி வாங்கி வரச் சொல்வார்கள், ஆனால் கோவில்பட்டியிலிருந்து அது சென்னைக்கு எதிர்த்திசை. யாராவது "காட்டுக்குப் போயிருக்காவ" என்றால் மரத்தைத் தேடாமல், "யாரு காடு?" என்று கேளுங்கள்.

மாலை நாலு மணிக்கு விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் கோவில்பட்டி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன் குமரிக் கடற்கரை ஊர்க்காரர் ஒருவரின் இளையோர் நாவலை எடிட் செய்தேன். ஒரே ஒரு சொல்லை, பிள்ளைகளுக்குப் புரியாது என்று, மாற்றியதாக ஞாபகம். அவர் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு எதையும் எழுதி அனுப்பவுமில்லை. அவர் நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். நலம் விசாரித்துவிட்டு, "சார், அன்னைக்கு உங்க நாவல்ல அந்தச் சொல்லை நான் மாத்தினது தப்போ?" என்று கேட்டேன்.



"எந்தச் சொல்லு மேடம்?" என்றார். "நெறைய இருக்கே."