தாலாட்டில் மட்டும் வந்த குரல்

சிறுவயதில் எனக்குப் பொய் சொல்லாத பிள்ளை என்று பெயர். அந்த நல்ல பெயரால் எங்கள் அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாதனூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூரில் ஷூ தைக்கப் போகிறவள் அவள். அதனால் முதல் பழி சொல்யூஷன் மேல் விழுந்தது. ஷூவின் அடியை ஒட்டுகிற பசைக்கு அங்கே அதுதான் பெயர். அந்த நெடி தொண்டையைப் பிடித்துவிட்டது என்று கூட வேலை செய்த பெண்கள் சொன்னார்கள். மிளகுப்பால், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு, அதிமதுரம், ஆவி பிடித்தல் என்று ஒன்று விடாமல் செய்து பார்த்தாள். ஊர் டாக்டர் குரல்வளை வீங்கியிருக்கும் என்று மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார். கிசுகிசுவென்று பேசுவதும் கெடுதல்தானாம். அந்த ஒரு வாரம் அம்மாவின் கையசைவை ஊருக்கு எடுத்துச் சொல்கிற பெரிய உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

வாரம் முடிந்தது, மாதமும் மூன்று ஓடியது, குரல் திரும்பவில்லை. பேச ஆரம்பித்தால் சொல்லின் நடுவே இறுகி அறுந்துவிடும். மறுபடி பிடித்து இழுத்து அடுத்த சொல்லைத் தொடுவாள். கேட்கிற நமக்கே மூச்சு முட்டும்.

போனில் இது இன்னும் மோசம். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, பேரணாம்பட்டிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். அம்மா போனை வாங்கி இரண்டு வார்த்தை திக்கிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். தம்பி பெண்டாட்டி தன்னிடம் மட்டும் பேசாமல் நாடகம் ஆடுகிறாள் என்று அத்தை நினைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து இறங்கினாள்.

கையில் ஒரு டப்பா மக்கன்பேடா. அதில் ஒன்றை என் வாயில் வைத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னைக் கேட்டாள். "இன்னாடி கண்ணு, உங்கம்மா வூட்ல யாருகிட்டயுமே நல்லா பேசறது இல்லியா?"

நான் மென்றுகொண்டே, "பேச வராது அத்தை. தம்பிக்குத் தாலாட்டு பாடுவாங்க. அப்ப மட்டும் நல்லா வரும்" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கைக்குழந்தையான தம்பியின் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடும்போது அம்மாவின் குரல் அவ்வளவு அழகாக வரும். அத்தை சத்தம் போடவில்லை. அப்பா பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியாடா? பாட்டு வருதாம், பேச்சு மட்டும் வராதாம், எல்லாம் நாடகம். புள்ள பொய் சொல்லாது" என்றாள். அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். "அ... அது... இ..." என்பதற்கு மேல் வரவில்லை. அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா என் வாயால் கெட்டாள்.

அன்றிலிருந்து அப்பா அவளிடம் தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்பதையே விட்டுவிட்டார். அம்மா பாடுவதை விட்டுவிட்டாள். பாட்டில்லாமல் தம்பி தொட்டிலில் கிடந்து கத்தினான். உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களே, இது என்ன கணக்கு என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நம் வாய்தான் கெட்ட வாய் என்று முடிவு செய்துகொண்டேன்.

கடைசியில் கம்பெனி நர்ஸ்தான், இத்தனை நாள் விட்டதே தப்பு, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அப்பா ஷிப்டு இருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டார். அம்மாவுக்காகப் பேச ஆள் வேண்டுமே, நான் போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா, அம்மாவின் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, தொண்டைக்குள் இருப்பதைத் திரையில் பார்த்தார். வீக்கம் இல்லை, புண் இல்லை, கட்டி இல்லை என்றார். அப்படியானால் அத்தை சொன்னதுதான் நிஜமா? அப்போது பார்த்து அவர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா பாடும்போது குரல் எப்டி வரும்? சிரிக்கும்போது?"

அத்தையிடம் அம்மாவை மாட்டிவிட்ட அதே பாட்டு விஷயம். இந்த முறை ஏமாற மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா பாடவே மாட்டாங்க" என்றேன். வாழ்க்கையில் நான் துணிந்து சொன்ன முதல் பொய் அதுதான்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தம்பியின் தாலாட்டை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினாள். ஒரு இடத்திலும் அறுபடவில்லை. டாக்டரம்மா எழுந்துபோய் இன்னும் இரண்டு இளம் டாக்டர்களைக் கூட்டிவந்து, மறுபடி பாடச் சொன்னார். மாட்டிக்கொண்டோம் என்று நான் ஓவென்று அழுதேன். அவர்கள் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது, பேச நினைக்கும்போது மட்டும் மூளை குரல் தசையை இறுக்கிவிடுகிறது, அபூர்வமான நோய், பாட்டுக்கு அந்தப் பிடி விழாது, அடியோடு தீராது, சில மாதங்களுக்கு ஒருமுறை கழுத்தில் ஊசி போட்டால் பேச்சு இளகும். அம்மாவைப் பைத்தியம் என்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அம்மாவோ டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் மடியில் கைவைத்து, "சத்தியமா நீ பாடினத இனிமே யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்மா" என்றேன்.

அம்மா சிரித்தாள். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, கணீரென்ற சிரிப்பு. அப்புறம் அறுந்து அறுந்து, "சொல்லு... எல்லார்கிட்டயும்... சொல்லு. மொதல்ல... அத்தைகிட்ட" என்றாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் ஊரைக் கூட்டி அதைச் சொல்லச் சொல்கிறாளே, இவளுக்கு நிஜமாகவே மூளையில்தான் ஏதோ கோளாறு என்று, மாதனூர் வரும்வரை நான் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.