மேகத்தில் விடுபட்ட சொல்

ஆசிரியர் பயிற்சிக்குச் சமவெளிக்குப் போய்விட்டு மலையேறிய வாரம், எங்கள் பள்ளியின் கடைசி வகுப்பான எட்டாம் வகுப்புக்குச் 'சொல் மேகம்' காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. பிள்ளைகள் எழுதும் சொற்களை இணையதளத்தில் இட்டால், பலர் எழுதிய சொல் பெரிதாகவும் சிலர் எழுதியது சிறிதாகவும் வண்ணப் படமாக வரும். இலவசமாகச் செய்துதரும் தளங்கள் பல இருந்தன. எது வகுப்புக்கு உதவும் என்று பார்க்க நினைத்தேன்.

"அடுத்த வருஷம் என்ன செய்யப் போறீங்க? ஒரே வார்த்தையில எழுதுங்க" என்று துண்டுத்தாள் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த்தொட்டி மேட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். முதல் தளம் தமிழைச் சிதைத்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்; 'போலீஸ்' படிக்கவே முடியவில்லை. இரண்டாவதில் எழுத்து சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் போனிலிருந்து சொல்லை அனுப்ப வேண்டுமாம். எங்கள் வகுப்பில் இருப்பது என் போன் ஒன்றுதான். மூன்றாவதில் எல்லாத் துண்டுகளையும் நானே தட்டச்சு செய்தேன். எழுத்து உடையவில்லை. 'ஹாஸ்டல்' பெரிதாக வந்தது, பக்கத்தில் 'ஒன்பதாவது', 'கபடி', 'போலீஸ்'. ஒருமுறை மட்டுமே வந்த சொற்களை அது தானாகவே விட்டுவிட்டது. படம் நெரிசலில்லாமல் அழகாக இருந்ததால் எனக்கு அதுவே பிடித்துப்போனது.

மறுநாள் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகள் முண்டியடித்துத் தங்கள் சொல்லைத் தேடினார்கள். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் மட்டும் கடைசிவரை நின்றாள்.

"டீச்சர், நான் எழுதுனது இல்லீங்க."

"என்ன எழுதினே?"

"மிளகு."

தட்டச்சு செய்தது நினைவிருந்தது. "நீ ஒருத்திதானே எழுதியிருக்கே. ரெண்டு பேராவது எழுதினாத்தான் இதுல வரும்" என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனாள். ஏன் மிளகு என்று நான் கேட்கவில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்தும் அவள் வரவில்லை. நான்காம் நாள் அவள் ஊருக்கு நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"வூட்டோட குடகுக்குப் போய்ட்டாங்க டீச்சர், மிளகு பறிக்க. பொண்ணையும் இட்டுனு போய்ட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா? டீச்சர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லுச்சே."

முன்பு இப்படிக் கிளம்பவிருந்த இரண்டு குடும்பங்களிடம் பேசி, பிள்ளைகளை ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறேன். அதெல்லாம் கிளம்பும் முன் தெரிந்ததால் முடிந்தது.

அவள் அம்மாவின் எண்ணை வாங்கி தினமும் அழைத்தேன். ஒருநாள் கிடைத்தது.

"பொண்ணுகிட்ட குடுங்கம்மா."

"ஏணி மேல இருக்குதுங்க. அப்புறம் பேசுங்க."

அதன்பின் அந்த எண் கிடைக்கவேயில்லை. பறிப்பு முடிந்து மற்ற குடும்பங்கள் மலைக்குத் திரும்பின. அவள் குடும்பம் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜூனில் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையில் அவளுடைய மாற்றுச் சான்றிதழை வாங்க யாரும் வரவில்லை. அது இன்னும் அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது. அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவள் என் முன்னால்தான் நின்றாள்.