கராத்தே போலீஸும் என் கணவரும்

எண்பதுகளில் டி.வி.யில் ஒரு கராத்தே போலீஸ் தொடர் வருடக்கணக்கில் ஓடியது. என் கணவர் ஒரு வாரம்கூட விடமாட்டார். "ஆம்பளன்னா இவன் மாதிரி இருக்கணும்" என்பார். அவரும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

ஒருநாள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். பின்னால் நின்றவன் என் இடுப்பைக் கிள்ளினான். கணவரிடம் சொன்னேன். அவர் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கம்முனு வா, பேஜாரு பண்ணிக்கினு இருக்காத" என்றார்.

பக்கத்து சீட்டில் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, மூட்டையோடு இருந்த பெண்தான் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க!" அவனை நடுவழியில் இறக்கிவிட்டார்கள். "நீ குந்தும்மா" என்று தன் இடத்தை எனக்குக் கொடுத்தாள்.

விழுப்புரத்தில் இறங்கும்போது, பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்லி கணவர் கை நீட்டினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அவரை மன்னித்துவிட்டதாகத்தான் இத்தனை வருடமும் அவரிடம் சொல்லிவருகிறேன்.