காலி டேங்கருக்குக் காட்டிய சூடம்

பத்து வருடமாகச் செங்கல் லாரி ஓட்டியவன் நான். வெளிநாட்டு எண்ணெய் வயலில் டேங்கர் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு ஷெட்டில் நடந்த டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போனேன்.

பெட்ரோல் இறக்கிவிட்டு வந்த டேங்கர் ஒன்று, மேல்மூடி திறந்தபடி நின்றது. புது வண்டியைத் தொடுமுன் சூடம் காட்டுவது என் வழக்கம். பம்பர் முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்து, சூடத்தைப் பற்ற வைத்தேன்.

"ஏய்ய்!" என்று கத்திக்கொண்டே டெஸ்ட் எடுக்கும் அண்ணன் ஓடிவந்து, செருப்புக் காலாலேயே சூடத்தை மிதித்து அணைத்தார்.

"காலி டேங்க்தானேண்ணே..." என்றேன்.

"எண்ணெய் இல்லாட்டியும் உள்ள அம்புட்டும் ஆவிய்யா! பொறி பட்டா வண்டியும் இல்ல, நம்மளும் இல்ல!"

அப்போதுதான் கவனித்தேன். டேங்கர் நிழலில், என்னைப் போல வேலை தேடி வந்த எட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டெஸ்ட் எடுக்காமலே திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள்; தேறினேன். இப்போது பயிற்சிக்கு டேங்கர் ஓட்டுகிறேன். கிளம்பும்போது சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, தீப்பெட்டியை மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். வண்டி முன்னால் வெறுங்கையோடு கும்பிடுவதோடு சரி. சூடத்தை வீட்டில் அவள் காட்டிவிடுகிறாள்.

- ஒரு லாரி ஓட்டுநர், பழங்காநத்தம்