கலையின் இருட்டுத் தொட்டி

கலைவாணி இறந்துவிட்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவள் அப்படியே விழுந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கலைவாணி என்றால் நம் பழைய ஆபீஸ் நண்பர்கள் சிலருக்கு சட்டென்று தெரியாது. பவளம் வளர்க்கிற கலை என்றால் தெரியும்.

அவளுக்கு மோசமான தலைவலி உண்டு. வந்துவிட்டால் வெளிச்சமே ஆகாது. மானிட்டரை மங்கலாக்கிக்கொண்டு, துப்பட்டாவை முகத்தில் போட்டபடி உட்கார்ந்திருப்பாள். அயனம்பாக்கத்தில் அவள் வீட்டில் ஓர் அறையின் ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி. லீவு நாளில் பாதிப் பொழுது அந்த இருட்டில்தான்.

"சொவுத்த பாத்துகினு எவ்ளோ நேரம்டி படுத்துகினு கீறது? கூட எதுனா உசுரா இருந்தா நல்லா இருக்கும்" என்றாள் ஒருநாள்.

அப்படித்தான் அந்தக் கடல் பவளம் ஒரு கண்ணாடித் தொட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தது. கார்னேஷன் என்று பெயர். மற்ற பவளங்களுக்கு வெளிச்சம் இருந்தால் பாதிச் சாப்பாடு கிடைத்த மாதிரி. இதற்கு லைட்டே தேவையில்லை. ஆனால் நாள் முழுக்க ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கண்ணாடி போல் ஒரு தண்டு, அதன் நுனிகளில் ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாய்ப் பூ... பார்த்தால் செடி என்றுதான் நினைப்போம். உயிர்ப்பிராணி.

கொரட்டூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் பாஷா பாய் அவளிடம் விற்கவே தயங்கினார். "யக்கா, சொன்னா கேளு. இது ஊட்ல நிக்காது. வாங்கினு போன யாரும் நல்லா கீதுன்னு திரும்பி வந்து சொன்னதில்ல."

முதல் பவளம் நிற்கவில்லைதான். உணவு அதிகம் விட்டால் தண்ணீர் கெடுகிறது, குறைத்தால் அது பட்டினி. இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோதே அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஒருநாள் கரைந்துபோனது.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். "அது செத்து ரொம்ப நாளாச்சுடி. பாக்க நல்லா இருந்திச்சு, அவ்ளோதான். நமக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சிது" என்றாள்.

அந்தப் பேச்சு... திங்கட்கிழமையிலிருந்து என் காதை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

அடுத்து வாங்கிய பவளத்தை அவள் சாக விடவில்லை. பால்கனியில் பாட்டில்களில் பச்சைத் தண்ணீர் வளர்த்தாள்... கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. ஒரு சின்ன பம்ப் அதை நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடும். கழிவு தங்காமல் இருக்க மோட்டார், வெயிலில் தண்ணீர் சூடாகாமல் இருக்க சில்லர், அடிக்கடி புது உப்புத் தண்ணீர்.

மாதங்கள் போயின. அது சுருங்கவில்லை. புதிதாக ஒரு கிளை விட்டிருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் என்னை அந்த அறைக்குள் கூட்டிப்போனாள். வெளியே நல்ல வெயில். உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை. சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சைப் பிடித்துக் காட்டினாள்.

பாறைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "கிட்ட வந்து பாருடி. ஒவ்வொரு பூவுக்கும் எட்டு வெரலு." நூற்றுக்கணக்கான குட்டிக் கைகள், ஒரே நேரத்தில் விரிந்து மடங்கின. எனக்குச் சிலிர்த்துவிட்டது. பயம் என்றும் சொல்லலாம்.

இன்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கணவர் செல்வம் அண்ணன் அந்த அறையின் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் அவர் நுழையாத ஒரே அறை அது. பேய்த்தொட்டி என்றுதான் சொல்வார்.

"உள்ள டக்கு டக்குன்னு சத்தம் வந்துகினே கீதும்மா. அவ உள்ளதான் கீறா மாதிரி..." என்றார். "நிறுத்தவும் மனசு வரல. நீயே எட்த்துகினு போயிடேன்."

பம்ப்தான் அது. அவள் நிரப்பி வைத்த பச்சைத் தண்ணீரை இன்னும் ஊட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

பாஷா பாய்க்கு போன் செய்தேன். உடனே வந்துவிட்டார். டார்ச்சை வாங்கி, பாறைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"அண்ணாத்தே, இது இந்தத் தண்ணிக்குப் பழகிப் போச்சு. கல்லோட ஒட்டினு கீது. பேத்து எடுத்தா பொழைக்காது" என்றார்.

செல்வம் அண்ணன் வாசலில் சேரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் ஹால் லைட்டை அணைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னா ஊத்தணும், எவ்ளோ ஊத்தணும்... சொல்லு பாய்."

பாஷா பாய் பால்கனியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து அவர் கையில் ஓர் இங்க் பில்லரைக் கொடுத்தார். செல்வம் அண்ணன் அதைத் தண்ணீருக்குள் விட்டு அழுத்தினார். பச்சைத் தண்ணீர் பாறைக்கு அடியில் மெல்லப் புகைபோலப் பரவியது. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தனை கைகளும் விரிந்தன.

"அவ போட்டாத்தான் துன்னும்னு நெனச்சினு இருந்தேன்" என்றார். "யாரு கைன்னு கூட பாக்கல பாரும்மா."

அதற்கப்புறம்தான் அவர் அழுதார். மூன்று நாளில் இப்போதுதான் அழுகிறார் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார்.

கூட வேலை பார்த்தவர்கள் முடிந்தால் ஒருநடை அயனம்பாக்கம் போய் வாருங்கள். அவர் தனியாக இருக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்து எல்லா லைட்டையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்...

போயிட்டு வா, கலை.