இரண்டு கண்ணாடிகளில் ஒரு மாப்பிள்ளை

விழுப்புரம் கண்ணாடிக் கடையில் அக்காவின் புதுக் கிட்டப்பார்வைக் கண்ணாடியை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். வாசலில் நின்ற மாமா, அக்காவின் கணவர், அதன் வழியே கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தார்.

எண்பதுகளில், திண்டிவனம் வீட்டுக்கு அவர் பெண் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான் பார்த்தேன். எனக்கு எட்டு வயது. "கண்ணாடி போட்டுக்கினு போனா வேணாம்னு எழுந்து போயிடுவாங்க, கழட்டுடி" என்று அம்மா அக்காவிடமிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்திருந்தாள். கதவிடுக்கில் நின்று அதை நீட்டிப் பிடித்தேன். மாப்பிள்ளை குட்டியாக, நேராக, பளிச்சென்று உட்கார்ந்திருந்தார்.

அலமாரியில் பெரியப்பாவின் ஆபரேஷன் கண்ணாடி இருந்தது; புரை எடுத்த பிறகு போட்ட தடிக் கண்ணாடி. அதையும் பிடித்தேன். அதே ஆள் காபி டம்ளரோடு தலைகீழாகத் தொங்கினார். காபி மட்டும் கொட்டவே இல்லை. தடவிப் பார்த்தேன். அக்காவுடையது நடுவில் குழிந்திருந்தது, பெரியப்பாவுடையது புடைத்திருந்தது. இதில் எது நிஜ மாப்பிள்ளை என்று எனக்கு விளங்கவில்லை.

காபி கொடுத்துவிட்டு வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு எல்லாம் புகையாத் தெரிஞ்சிதுடி. ஆளு எப்படி இருக்காரு?"

கையிலிருந்த இரண்டு கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மா அவசரப்படுத்தினாள். "நல்லாத்தான்க்கா இருக்காரு" என்றேன். அக்கா தலையாட்டினாள்.

"எத வச்சுக்கா அன்னிக்கு சரின்னு சொன்ன?" என்று இப்போது கடையில் கேட்டேன்.

"நீதான் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னியே" என்றாள்.

அன்று அவரை நான் வெறுங்கண்ணால் பார்க்கவே இல்லை.